அறைக்கு இரண்டு பிள்ளைகள்

பிள்ளைகள் படிக்கிற அறைக்கு வெள்ளை அடிக்கவே கூடாது. இதை நான் கேட்கிறவர்களுக்கும் சொல்வேன், கேட்காதவர்களுக்கும் சொல்வேன். வெள்ளைச் சுவர் ஆஸ்பத்திரியை நினைவுபடுத்தும். மஞ்சள் பசியைக் கிளப்பும். நீலம் தூக்கம் வரவழைக்கும். பச்சைதான் சரி, அதிலும் மழை விட்ட மூன்றாம் நாள் தேயிலைச் செடியில் எட்டிப் பார்க்கும் கொழுந்தின் பச்சை. அந்தப் பச்சை பதுளையில் எந்தக் கடையிலும் டின்னில் கிடைக்காது. மூன்று டின்களைக் கலந்து, பதினேழு தடவை சுவரில் ஒரு சாண் அகலத்துக்குப் பூசிப் பார்த்து, பதினெட்டாவது தடவை பிடித்தேன். முப்பத்தாறு வருடம் தோட்டத்தில் கிளாக்கர் வேலை பார்த்தேன், அதில் கடைசிப் பதினொரு வருடம் பெரிய கிளாக்கர். அத்தனை வருடத்திலும் இவ்வளவு சந்தோஷமாக ஒரு வேலை செய்ததில்லை.

எல்லாவற்றையும் ஆதியிலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள், இன்ஸ்பெக்டர் புவாத். ஆதி என்றால் சுவர்தான். திரைச்சீலை உங்கள் வாப்பா மஹ்ரூப் முதலாளியின் கடையில் எடுத்தது, கிளி போட்ட சீத்தைத் துணி. அவரிடம் கேட்டுப் பாருங்கள், ஒரே ஒரு ஜன்னலுக்காகத் தங்கராஜா என்கிறவர் ஒரு பகல் முழுக்கக் கடையைத் தலைகீழாக்கினார் என்று சொல்வார்.

எழுபத்தைந்தில் அரசாங்கம் தோட்டங்களை எடுத்தபோது ஓய்வு வாங்கிக்கொண்டு ஹாலிஎலை வீட்டுக்கு வந்தேன். மகன் கொழும்பில் ஒரு கம்பனியில் கணக்காளன். அவனுக்கு இரண்டு பிள்ளைகள். அந்தப் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் என்ற சந்தைக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். மகனிடம் கேட்டேனா என்றால், கேட்கவில்லை. அறை முடிந்தபிறகு பார்த்து அசந்து போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மேசை, உட்காரும் வாங்கு எல்லாம் தேயிலைப் பெட்டிப் பலகையில் நானே அடித்தேன். பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் வெள்ளித் தாளை உரித்து, நட்சத்திரமாக வெட்டி, கூரைத் தட்டில் ஒட்டினேன். ஆயிரத்து நூறு நட்சத்திரங்கள். என் மனைவி அன்னலட்சுமி எண்ணிப் பார்த்து இருநூற்றுப் பத்து என்றாள். அவள் எதையும் குறைத்துத்தான் எண்ணுவாள். ஒரு சுவர் முழுக்கத் தெமோதரைப் பாலத்தின் மேல் போகும் ரயில் வரைந்தேன். பன்னிரண்டு பெட்டி, பெட்டிக்கு ஓர் உயிரெழுத்து. கடைசியில் கார்டின் கையில் கொடிக்குப் பதிலாக ஆய்த எழுத்து. அப்படியொரு அறை இந்த ஊவா மாகாணத்தில் இருந்ததில்லை. ஆசியாவிலேயே இருந்ததில்லை என்றுதான் சொல்ல நினைத்தேன், நீங்கள் எழுதிக்கொள்கிறீர்கள் என்பதால் அடக்கிச் சொல்கிறேன்.

அறை முடிந்த மாதமே மகனுக்கு ஸாம்பியாவில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு போய்விட்டான். அங்கிருந்து ஒட்டகச்சிவிங்கி படம் போட்ட அட்டை ஒன்று வந்தது. அதையும் சுவரில் ஒட்டினேன்.

அன்னலட்சுமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பந்தலு போட்டாச்சு, மேளமும் வச்சாச்சு. பொண்ணு மாப்பிளதான் இல்ல. நீங்களே ஒக்காந்து படிங்க" என்றாள்.

உட்கார்ந்து பார்த்தேன். முழங்கால் மேசையில் இடித்தது.

இவ்வளவு அழகாக ஓர் அறையைச் செய்துவிட்டு, அதில் பிள்ளை இல்லாமல் பூட்டி வைப்பது பாவம். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நீங்கள் ஒப்புக்கொண்டால் போதும். மற்றதெல்லாம் அதன் பின்னால் வரிசையாக வரும்.

ஓய்வுக்குப் பிறகும் கீழ்த் தோட்டத்து ஆட்கள் கடிதம், மனு, நிரப்ப வேண்டிய பாரம் எல்லாவற்றுக்கும் என்னிடம்தான் வருவார்கள். எழுதி, ஒரு தடவை உரக்க வாசித்துக் காட்டி, அதன் பிறகுதான் கைநாட்டு வாங்குவேன். வாசித்துக் காட்டாமல் ஒருவரிடமும் கைநாட்டு வாங்கியதில்லை. அப்படி வந்தவள்தான் ராமலட்சுமி. கொழுந்து எடுப்பவள். புருஷன் மரம் விழுந்து செத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கூடவே மகள் யோகராணி, எட்டு வயது. மகன் சந்தனம், ஐந்து வயது. தாய் என்னிடம் பேசிக்கொண்டிருக்கும்போது பிள்ளைகள் ஜன்னல் வழியாக அறையைப் பார்த்துவிட்டார்கள். ரயிலைப் பார்த்துத் திறந்த வாயைச் சந்தனம் மூடவே இல்லை. ஒரு குருவி வந்து உள்ளே கூடு கட்டி முட்டையிட்டிருக்கலாம், அவ்வளவு நேரம்.

இங்கேயே வந்து படிக்கட்டும் என்றேன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரே அறையில் ஐந்து வகுப்பு, ஒரே மாஸ்டர், அவரும் பாதி நாள் பதுளையில். ராமலட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "கொழுந்துக் கூட தூக்காம பேனா தூக்கட்டும்ங்கய்யா. நீங்க அடிச்சாலும் சரி, அணைச்சாலும் சரி" என்றாள். அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை. அது ஓர் அனுமதி.

அருவருப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. லயத்து வரிசை வீடுகளில் அவர்களுக்கு இருந்தது ஒரே காம்பரா, ஒரே அறை. அடுப்பு, கோழி, ஈரச் சாக்கு, தூக்கம் எல்லாம் அதற்குள்தான். அந்தப் புகையையும் கோழி நாற்றத்தையும் தினமும் காலையில் இரண்டு பிள்ளைகளும் என் பச்சை அறைக்குள் கொண்டு வந்து கொட்டினார்கள். ரொட்டி தின்ற விரலால் ஓவன்னா பெட்டியைத் தொட்டார்கள். சந்தனத்தின் மூக்கில் ஒழுகியதைச் சேர்த்து வைத்திருந்தால் வறட்சிக் காலத்தில் துன்ஹிந்த அருவிக்குக் கடன் கொடுத்திருக்கலாம். அவன் அதை மேசைக்கு அடியில் தடவுவான். ஒரு சனிக்கிழமை மேசையைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடிப்பலகை முழுக்கப் பச்சையும் மஞ்சளுமாகக் காய்ந்து, விளிம்பில் புதிதாக ஒன்று இன்னும் நூல் விட்டுக்கொண்டிருந்தது.

யோகராணி அதைவிட மோசம். அவள் படிப்பில் கவனம் வைத்துவிட்டால் தலையைச் சுவரில் சாய்த்துவிடுவாள். நல்லெண்ணெயும் வியர்வையும் சேர்ந்து, பதினெட்டாவது தடவை பிடித்த அந்தப் பச்சையின் மேல் ஒரு வட்டம் விழுந்தது. நடுவில் கறுப்பு, ஓரத்தில் மஞ்சள். ஒரு மாதத்தில் எட்டு வட்டங்கள். ஒன்றில் பேன் ஒட்டிக்கொண்டு செத்திருந்தது. கோழிக்குஞ்சு அளவு இருந்தது என்று அன்னலட்சுமியிடம் சொன்னேன். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து பார்த்து, எங்கே என்று கேட்டாள்.

ஆகவே பிள்ளைகள் இரவில் லயத்துக்குப் போகாமல் என் வீட்டிலேயே தங்கட்டும் என்று ஏற்பாடு செய்தேன். தாய் ஞாயிற்றுக்கிழமை குசினிக் கதவுப் பக்கம் வந்து பார்க்கலாம். பழைய உடுப்புகளை எரித்தேன். காலை ஐந்தரைக்கு மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரில் குளிப்பு. தை மாதத்துப் பனியில் பிள்ளைகளின் உதடு நாவற்பழம் மாதிரி ஆகிவிடும், சுவர் மட்டும் சுத்தமாக இருக்கும். தோட்டத்தில் பெரட்டுக் களத்தில் ஆள் எடுப்பது போலவே பேர் வாசித்து வரவு போட்டேன். பாடத்தில் குறை வைத்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் வரவு. அரைப்பேர் விழுந்தால் பகல் சோறும் அரை. இது நான் கண்டுபிடித்ததல்ல. கொழுந்தின் நிறை குறைந்தால் அவர்கள் தாய்க்கும் தோட்டத்தில் அரைப்பேர்தான் போட்டார்கள், அதையும் முன்பு நான்தான் போட்டேன்.

அப்படியும் வட்டங்கள் நிற்கவில்லை. யோகராணியைக் குசினி வாசலில் உட்கார வைத்து, நானே சவரக் கத்தியால் தலையை மழித்தேன். தேயிலையைக் கவ்வாத்து வெட்டுவதில்லையா, வெட்டினால்தான் புதுக் கொழுந்து வரும். அவள் அழவில்லை. பின்னலை மட்டும் கையில் கேட்டாள். அதில் பேன் இருந்ததால் எரிக்க வேண்டியதாயிற்று. மயிர் எரிகிற நாற்றம் மூன்று நாள் வீட்டை விட்டுப் போகவில்லை. அன்னலட்சுமி அந்த மூன்று நாளும் என்னோடு பேசவில்லை. நாற்றத்தினால் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ராமலட்சுமி வந்தாள். மகளின் தலையை உள்ளங்கையால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள்.

"எந்தச் சாமிக்குங்கய்யா மொட்ட?" என்று கேட்டாள்.

"சுவத்துக்கு" என்றேன்.

அவள் அடுத்த ஞாயிறு ஒரு பாரத்தை நாலாக மடித்துக் கொண்டு வந்தாள். இரண்டு அரசாங்கங்களின் ஒப்பந்தப்படி ஒரேயடியாக இந்தியாவுக்குப் போகிறவர்கள் நிரப்புகிற பாரம். அவளுடைய அண்ணன் இராமையா முன்பே போய்க் கூடலூரில் இருந்தான். "மூணு பேரும் அண்ணங்கிட்ட போயிடுறோங்கய்யா. நீங்களே நெரப்பிக் குடுங்க. அதுவரைக்கும் புள்ளைங்க இங்கயே ரெண்டு எழுத்துப் படிக்கட்டும்" என்றாள். என் மேல் கோபம் இருந்திருக்கலாம். ஆனாலும் பாரம் நிரப்ப என்னிடம்தான் வந்தாள். வேறு யாரிடம் போவாள்?

அன்று நான் அறைக்குள் போய் உட்கார்ந்து யோசித்தேன். யோகராணி அப்போது எழுத்துக் கூட்டத் தொடங்கியிருந்தாள். சந்தனம் மூக்கைத் துடைக்கப் பழகிக்கொண்டிருந்தான். பூசின சுவர், செய்த மேசை, பழக்கின பிள்ளைகள். இவர்கள் போனால் இந்த அறை என்ன ஆவது? அதைத்தான் யோசித்தேன். வேறெதையும் யோசித்ததாக நினைவில்லை.

பாரத்தை என் நல்ல பேனாவால் நிரப்பினேன். பிள்ளைகளின் பெயர்களுக்கென்று விட்டிருந்த இடத்தில், ஓரத்திலிருந்து ஓரத்துக்கு, அளவுகோல் வைத்து ஒரு கோடு இழுத்தேன். வெற்றிடத்தைச் சும்மா விடுவது கிளாக்கருக்கு அழகல்ல, பின்னால் யாராவது எதையாவது எழுதிவிடுவார்கள். பிறகு வழக்கப்படி உரக்க வாசித்துக் காட்டினேன். ராமலட்சுமி, விதவை, இன்ன தோட்டம், இன்ன லயம். மகள் யோகராணி, வயது எட்டு. மகன் சந்தனம், வயது ஐந்து.

"புள்ளைங்க பேர இன்னொருக்கா வாசிங்கய்யா" என்றாள்.

இன்னொரு தடவை வாசித்தேன். கோட்டைப் பார்த்துக்கொண்டே வாசித்தேன், நிறுத்தி நிதானமாக, இனிமேல் சந்தேகம் வராதபடி. அவள் முகம் மலர்ந்தது. கைநாட்டு வைத்துவிட்டுப் பெருவிரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டாள்.

பதுளையில் பாஸ்போர்ட்டுக்குப் படம் பிடிக்கப் போனபோது சின்னப் பிள்ளைகளுக்குப் படம் தேவையில்லை என்றேன். கண்டியில் இந்திய அலுவலகத்து விசாரணைக்கு நானே கூட்டிப் போனேன், கேட்டதற்கெல்லாம் நானே பதில் சொன்னேன். பிள்ளைகள் இல்லையா என்று கேட்டார்கள். பாரத்தில் இருக்கிறபடிதான் என்றேன். இந்த அலைச்சலெல்லாம் ஒன்றரை வருடம். ஒரு சதம்கூடக் கூலி வாங்கவில்லை.

எழுபத்தொன்பது ஆவணியில் அவளுக்குக் கப்பலேற நாள் குறித்து வந்தது. ஹாலிஎலை ஸ்டேஷன் உங்களுக்குத் தெரியும். அன்று அதில் ஐந்நூறு பேர் நின்று ஒரே குரலில் அழுதார்கள். சரி, எண்பது பேர். தலைமன்னார் வரைக்கும் துணைக்கு வருகிறேன் என்றதும் ராமலட்சுமி கையெடுத்துக் கும்பிட்டாள். அவளுக்கு ஒரு வழிச் சீட்டு இருந்தது. எனக்குப் போகவர ஒன்று வாங்கினேன். பிள்ளைகளுக்குப் போகவர இரண்டு அரைச் சீட்டு வாங்கினேன்.

மறுநாள் காலை துறைமுகத்தில் ஓர் அதிகாரி காகிதத்தைப் பார்த்து அவள் பெயரை மட்டும் கூப்பிட்டார். பிள்ளைகளைக் கையால் தடுத்தார். ராமலட்சுமி பதறவில்லை, சிரித்தாள் என்றுகூடச் சொல்லலாம். "புள்ளைங்க பேரும் அதுல இருக்குங்க. எங்க ஐயாதான் வாசிச்சாரு. ரெண்டு தடவ வாசிச்சாரு" என்று சொல்லி என்னைக் காட்டினாள்.

நான் முன்னால் போய்க் காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். நெற்றியில் அடித்துக்கொண்டேன். எங்கேயோ பேர் விட்டுப் போயிருக்கிறது என்றேன். நீ முந்திப் போ, நான் பேர் சேர்த்து அடுத்த கப்பலுக்கு இவர்களைக் கொண்டு வந்து ஏற்றிவிடுகிறேன் என்றேன். திரும்பி வர அவளுக்கும் இடமில்லை. தோட்டத்தில் பேர் வெட்டியாயிற்று. காம்பராவில் வேறு குடும்பம் வந்து அடுப்பு மூட்டியாயிற்று. அரிசிக் கூப்பனும் திருப்பிக் கொடுத்தாயிற்று. கொஞ்ச நேரம் கப்பலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு இரண்டு பிள்ளைகளின் கையையும் பிடித்து என் கையில் வைத்து, மணலில் விழுந்து என் காலைத் தொட்டாள்.

"ஐயா இருக்கீங்கன்னுதான் போறேன்" என்றாள்.

தாய் சம்மதித்தாளா என்று கேட்டீர்கள். இதைவிடத் தெளிவான சம்மதம் எந்தக் கோர்ட்டிலும் கிடைக்காது.

பிள்ளைகள் கத்தினார்கள், ஆமாம். கடற்காற்றில் பாதி காதில் விழவில்லை. சந்தனம் அழுது அழுது என் வேட்டியில் வாந்தி எடுத்தான். காலையில் தின்ற பணிஸ் அப்படியே வந்தது. கடல் தண்ணீரில் அலசினேன். அந்தப் புளித்த வாடை மாகோ சந்தி வரைக்கும் என் கூடவே வந்தது.

கூடலூரிலிருந்து கடிதங்கள் வந்தன. இராமையா யாரையோ பிடித்து எழுதுவித்திருந்தான். ஒவ்வொன்றிலும் ஒரே கேள்விதான்: புள்ளைகள் பெயரைச் சேர்த்தாயிற்றா, எந்தக் கப்பல். மனு போயிருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் தவறாமல் பதில் எழுதினேன். பதில் போடாமல் ஒரு கடிதத்தையும் நான் வைத்ததில்லை. பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டினேன். ஆனால் அவள் எழுதச் சொன்னதில் சுவாரஸ்யம் இல்லை, அழுகைதான். ஆகவே நான் கொஞ்சம் சேர்த்தேன். அம்மா மறுகல்யாணம் செய்துகொண்டாள் என்று வாசித்தேன். மாப்பிள்ளைக்குக் காது வரைக்கும் மீசை வைத்தேன், ஒரு லொறியும் கொடுத்தேன். அவருக்குப் பிள்ளைகள் என்றால் பிடிக்காது, அதனால் நீங்கள் ஐயாவிடமே இருங்கள் என்று அம்மா சொல்வதாக முடித்தேன்.

சந்தனம் போர்வைக்குள் போய்விட்டான். யோகராணி மட்டும், "லொறி நம்பர் என்னாங்கய்யா?" என்று கேட்டாள். யோசிக்காமல் ஒரு நம்பர் சொன்னேன். அடுத்த வாரம் திரும்பக் கேட்டாள், அதே நம்பரைச் சொன்னேன். ஞாபக சக்தியில் எனக்கு இன்னும் குறைவில்லை.

நான் செய்த பிழை இதுதான். ஒரு காகிதத்தையும் எறிய எனக்கு மனம் வராது. பதினான்கு கடிதங்களையும், பதில் அனுப்பிய தேதியைச் சிவப்பு மையில் குறித்து, கோப்புக் கோவையில் போட்டு அறை அலுமாரியிலேயே வைத்திருந்தேன். இந்த வருடம் யோகராணிக்குப் பதின்மூன்று வயது. கூட்டெழுத்துக்கூடத் தடுமாறாமல் வாசிக்கிறாள். அதற்குப் பரிசாக, கோவைகளைத் தேதிப்படி அடுக்கித் தா என்று கொடுத்தேன். கிளாக்கராக வருகிறவன் முதலில் பழகுவது அது. தேதியை மட்டும் பார், உள்ளே பார்க்காதே என்று சொல்லித்தான் கொடுத்தேன். என் கீழ் வேலை செய்த ஒருவனும் முப்பத்தாறு வருடத்தில் உள்ளே பார்த்ததில்லை.

அவள் எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கித் தந்தாள். மூன்று வாரம் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. பேர் வாசித்தால் "இருக்கேங்கய்யா" என்றாள். அந்த மூன்று வாரத்தில் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள். முத்திரை வாங்கி ஒட்டித் தபாலில் போட்டது அன்னலட்சுமி. முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் அவள் எனக்குத் தெரியாமல் செய்த ஒரே காரியம் அது. ஏன் என்று கேட்டேன். "நட்சத்திரம் எண்ணினப்பவே எனக்குப் பயமா இருந்துச்சு. அப்பவே சொல்லல, அது என் தப்பு" என்றாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பதுளையில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த மாதக் கப்பலில் அவர்களைத் தாயிடம் அனுப்ப ஏற்பாடாகிறது என்று நீங்கள் சொன்னீர்கள். நல்லது. கடற்பயணத்துக்கு முன்னால் சந்தனத்துக்கு ஒன்றும் தின்னக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கையெழுத்துப் போட நான் தயார். அந்தக் கோட்டை இழுத்தது நான். தெரிந்துதான் இழுத்தேன். இல்லாத பெயர்களை இரண்டு தடவை வாசித்துக் காட்டியதும் நான். பாரத்தில் வேறு யாருடைய கையும் படவில்லை.

யோகராணியின் கடிதத்தை நீங்கள் நேற்று எனக்கு வாசிக்கத் தந்தீர்கள். ஒரு பக்கம்தான். அடித்தல் திருத்தல் இல்லை. "எங்கள் அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் இவர் வாசித்தார்" என்று தொடங்குகிறாள். பெரட்டில் நின்ற தாய்க்குப் பிறந்த பிள்ளை, இன்ஸ்பெக்டர். இப்படியொரு வாக்கியத்தை உங்கள் ஸ்டேஷனில் யாராவது எழுதுவார்களா? வழக்கு முடிந்ததும் அந்தக் கடிதத்தை எனக்குத் திருப்பித் தர வழியிருந்தால் பாருங்கள். கண்ணாடி போட்டுக் கரும்பலகைக்குப் பக்கத்தில் மாட்டி வைப்பேன். அடுத்து வருகிற பிள்ளைகளுக்கு ஒரு மாதிரியாக இருக்கும்.